முதல் சட்டியில் யார் கை

ஹென்டர்சன்
12.02.2024

ரதிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகம் கேட்கவில்லை. சுகம் என்று நீ எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை.

காரில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் பக்குரங்காவில் உன் வீடு, போனை எடுத்தால் ஒரு நொடி, பிறகேன் கடிதம் என்று யோசிப்பாய். போன செவ்வாய்க்கிழமை மனித உரிமை ஆணைக்குழுவிலிருந்து என் பலகாரக் கடைக்குக் கடிதம் வந்தது. மகன் கௌசிகன் வாசித்துத் தமிழில் சொன்னான். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய், முருகனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, இனி என் தங்கச்சியோடு வாய் திறந்து கதைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். எழுதமாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எனக்கு எழுத்து மறக்கவில்லை. வேறு எதுவும்கூட மறக்கவில்லை.

உன் மகள் கஜானி கட்டப்போகிற அந்த மஹதி என்ற பிள்ளை என்மேல் முறைப்பாடு போட்டிருக்கிறாள். இரண்டு பெண்கள் கட்டுகிறார்கள் என்பதால் செல்வநாயகி பலகாரம் செய்துதர மறுத்தாளாம், அரியதரத்தை அதிரசம் என்று எழுதியிருக்கிறாள். இந்த நாட்டுச் சட்டத்தில் அது குற்றமாம்.

மறுத்தது உண்மை. கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை கஜானி வந்தாள். என்ன நடந்தது என்று அவள் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்கமாட்டாள், நான் சொல்கிறேன்.

"பெரியம்மா, மே மாசம் எங்கட கலியாணம். முந்நூறு அரியதரம் வேணும். பயத்தம் பணியாரமும் வேணும்" என்றாள்.

"ஆருக்கும் ஆருக்கும்?"

"எனக்கும் மஹதிக்கும். உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சதாலதான் கேக்கிறன். இந்தக் கடையில பிள்ளையார் இருக்கிறார். அவருக்கு வைக்காமல் நான் ஒரு சட்டியும் இறக்கிறதில்லை. இந்தக் கலியாணத்தை அவருக்குச் சொல்லி என்னால வைக்கேலாது. வேற இடம் பார் பிள்ளை."

இவ்வளவுதான். சத்தம் போடவில்லை, ஏசவில்லை. முட்டை போட்டுக் கேக் செய்து தா என்று வந்தவர்களையும் இதே வாசலால்தான் திருப்பி அனுப்பினேன். அவர்கள் ஒருவரும் ஆணைக்குழுவுக்கு ஓடவில்லை. என் கடை, என் கை, என் சாமி.

பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வானொலியில் கூப்பிட்டுக் கேட்டார்கள், மனதில் இருந்ததைச் சொன்னேன். வாய் திறந்தால் சுடுவார்கள் என்ற ஊரிலிருந்துதானே இங்கே வந்தோம். இங்கும் வாயைப் பொத்து என்றால் எதற்கு வந்தோம்?

முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச் சொல்.

செல்வநாயகி


பக்குரங்கா
19.02.2024

அன்புள்ள அக்கா,

இதை நான்கு தரம் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை. முப்பது வருடமாக எல்லாவற்றையும் போனில் கதைத்தே தீர்த்துக்கொண்டோம், அல்லது தீர்க்காமல் விட்டோம்.

முறைப்பாடு அரியதரத்துக்காக இல்லை. அன்று உங்கள் கடையிலிருந்து வந்த கஜானி கார் நிறுத்தும் இடத்திலேயே இருந்து அழுதிருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது, "பெரியம்மா அப்பிடித்தானே அம்மா, விடுங்கோ" என்றாள். பத்து வயதில் உங்கள் கராஜில் உடைந்த பணியாரமெல்லாம் தின்று வளர்ந்தவள், உங்களை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மஹதிதான் கோபப்பட்டாள். அவளையும் கஜானி அடக்கினாள்.

பிறகு நீங்கள் வானொலியில் கதைத்தீர்கள். கௌசிகன் அதை உங்கள் படத்தோடு முகநூலில் போட்டான். கடையில் என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன் என்பதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம், அக்கா. "அந்தப் பிள்ளையள் ரெண்டு பேரின்ர கைபட்டது எதுவும் மங்கலம் இல்லை" என்றீர்கள். கஜானி என்று பெயர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

கஜானியின் வேலை உங்களுக்குத் தெரியும். தை மாதம் அவளுடைய வார்டில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். ஊசி மாற்றப் போன இவளைப் பார்த்து அவருடைய மகன், "நீங்கள் வேண்டாம், வேற நேர்சைக் கூப்பிடுங்கோ" என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டாள். "உங்கட பெரியம்மாவே சொல்லிப்போட்டா. அம்மா சாகக் கிடக்கிறா, உங்கட கை படவேண்டாம்."

அக்கா, அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, இன்னொருத்தியைக் கூப்பிட்டுவிட்டு, மற்ற ஆறு பேருக்கும் மருந்து கொடுத்து, வேலை முடியும்வரை நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் மறுபடி கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை என்று நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். அடுத்த நாள் மஹதி முறைப்பாடு எழுதினாள். எழுதாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். சொன்னது பிழை என்று ஒரு வசனம் சொல்லுங்கள். பலகாரம் வேண்டாம்.

"கை" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியாதா?

ரதி


ஹென்டர்சன்
03.03.2024

ரதிக்கு,

வார்டில் நடந்தது எனக்குத் தெரியாது. அந்த மகன்காரன் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை. அவன் வாய் அவனுடையது.

போன கிழமை இரண்டு வெள்ளைக்காரரும் ஒரு பெண்ணும் கடைக்கு வந்தார்கள். பேச்சுரிமைக்காக நிற்கிற ஆட்களாம். லோயரை அவர்களே தருவார்களாம். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்க வேண்டாம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவுமில்லை. அந்தப் படம் அவர்களுடைய முகநூல் பக்கத்தில் வந்தபிறகு கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று கௌசிகன் பெருமையாகச் சொன்னான். பேத்தி மட்டும், "அப்பம்மா, அதில பாதிப் பேர் எங்களையும் நாட்டைவிட்டுப் போகச் சொல்லுற ஆக்கள்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அவள் அதற்குப் பிறகு நான் போட்ட தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

அது இருக்கட்டும். கையைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்க வந்திருக்கிறாய்.

1987, ஆவணி மாதம். இந்தியன் ஆமி வந்து, சண்டை நின்று, சனம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த இடைவெளிக்குள் உன் கலியாணத்தை ஒப்பேற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். என் மனுசன் ஆனந்தராசா மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்தில் செல் குண்டு விழுந்து செத்து ஒன்றரை வருடம். எனக்கு முப்பத்துநாலு வயது. கலியாணப் பலகாரம் சுடுகிற உன் பலகாரச் சூட்டுக்கு நாள் வைத்தாயிற்று. அரிசி இடித்தவள் நான். பயறு வறுத்தவள் நான். நாற்பது தேங்காய் துருவினவள் நான், இடது கை பெருவிரலில் வெட்டின அடையாளம் இப்போதும் இருக்கிறது, வந்தால் காட்டுவேன்.

விடிந்து ஒன்பது மணிக்கு முதல் சட்டி வைக்க ஐந்து சுமங்கலிகள் வந்து குசினியில் இருந்தார்கள். குமாரசாமியின் பெண்சாதி பச்சைச் சீலை, வாசலுக்குப் பக்கத்தில். மாமி ஊதா. மற்ற மூன்று பேரின் சீலையையும் கேள், சொல்கிறேன். நான் மா பிசைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது அம்மா வாசலில் மறித்தா.

"பிள்ளை, சட்டியைத் தா. நீ கிணத்தடியில போய் நில்."

"ஏனம்மா?"

"எண்ணெய்ச் சட்டியில நீ கை வைக்காத. கௌசிகனைப் பார்."

கௌசிகன் அப்போது நித்திரை. பார்க்க ஒன்றுமில்லை. நான் கிணற்றடியில் நின்றேன். அரியதரம் எண்ணெயில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீ யன்னலுக்குப் பக்கத்தில் மருதோன்றி போட்ட இரண்டு கையையும் மடியில் விரித்துவைத்துக்கொண்டு இருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாய். "அக்காவும் வரட்டும் அம்மா" என்று ஒரு சொல். மூன்றே சொல். நீ வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு நான் அன்றோடு மறுமொழி சொல்வதை நிறுத்தினேன். சாகும்வரை சொல்லவில்லை. உன்னை மன்னித்தேன் என்று நினைத்திருந்தாய். இல்லை. ஒரு பக்கத்தில் வைத்திருந்தேன்.

இப்போது நியாயம் கேட்கிறாய். எனக்கு ஒரு சாத்திரம் என்றால் உன் மகளுக்கும் ஒரு சாத்திரம் இருக்கத்தானே வேண்டும். இந்த ஊரில் எத்தனை கலியாணத்துக்கு என் கையால் முதல் சட்டி வைத்தேன். பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு போகிற சனம், சுட்டவள் கைம்பெண்ணா என்று கேட்பதில்லை. அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும், அவர்தான் ஏற்றுக்கொண்டார். அவரை நான் ஏமாற்றமாட்டேன்.

மன்னிப்பு இல்லை. ஏப்பிரல் 11 ஆம் திகதி சமரசப் பேச்சுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பார்ப்போம்.

செல்வநாயகி


பக்குரங்கா
15.03.2024

அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமி ஊதாச் சீலைதான். நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டால் இனி எழுதமாட்டேன். கடிதமாக இருப்பதால்தான் முடிகிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் முடியாது.

அம்மா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

முதல் நாள் பின்னேரம். நீங்கள் முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அம்மாவை அறைக்குள் கூப்பிட்டு, "அக்காவின்ர கை சட்டியில பட வேண்டாம். எனக்குப் பயமாயிருக்கு" என்றேன். நான் கட்டப்போகிற தவராசா விசா அலுவலாகக் கொழும்புக்கு பஸ்ஸில் போக இருந்த நேரம், எந்தச் சந்தியில் யார் மறிப்பார்கள் என்று தெரியாது. அத்தானின் உடலைக் கொண்டுவந்து கிடத்திய கோலம் என் கண்ணுக்குள் நின்றது. நான் யோசிக்கவில்லை, பயந்தேன்.

அம்மா சொன்னா: "அவள்தானே அரிசி இடிச்சவள். முழு வேலையும் அவள்தானே செய்தவள்."

நான் அழுதேன். கலியாணமே வேண்டாம் என்றேன். அம்மா கட்டிலில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நானே சொல்லுறன். நீ சொன்னதெண்டு அவளுக்குத் தெரியக்கூடாது. நான் இண்டைக்கோ நாளைக்கோ போயிடுவன். நீங்கள் ரெண்டு பேரும்தான் நெடுக இருக்கவேணும்" என்றா.

யன்னலால் நான் முகத்தைத் திருப்பியது அதனால்தான். வாய் திறக்காதவள் இல்லை, அக்கா. திறந்தவள்.

அன்று உங்கள் கை ஆகாது என்று பயந்தவள் நான். இன்று என் மகளின் கை ஆகாது என்று ஒரு ஊரே பயப்படுகிறது. அவளுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

ஏப்பிரல் 20 ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் கராஜில் பலகாரச் சூடு. கடையில் வாங்குவதில்லை, நாமே சுடுவது என்று கஜானி பிடிவாதம். ஊரில் செய்தது மாதிரி வேண்டுமாம். பதினாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாருங்கள். முதல் சட்டியில் முதல் அரியதரம் நீங்கள் போடுங்கள். உங்களிடமிருந்து நான் எடுத்ததைத் திருப்பித் தர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பதிவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாருங்கள்.

ரதி


ஹென்டர்சன்
22.03.2024

ரதி,

மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப் பிழைத்து வாசிக்கிறேனோ என்று கௌசிகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவனும் அதையேதான் வாசித்தான்.

2003 ஆம் ஆண்டு ஆடி மாதம். சமாதானம் என்று ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம். "அம்மா உன்னைக் கேக்கிறா, ஒருக்கா வா" என்று போன் வந்தது. கௌசிகன் டிக்கெட் பார்த்துவிட்டான். நான் கடையில் பெரிய ஓடர் இருக்குது, ஒரு கலியாணத்துக்கு முந்நூற்றைம்பது பயத்தம் பணியாரம் என்று சொன்னேன். அப்படி ஒரு ஓடரும் இருக்கவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு உள்ளே சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் அம்மா செத்துப்போனா.

நீ அங்கே இருந்தாய். அவவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாய். அம்மா கடைசிவரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா என்று நீதான் வந்து எனக்குச் சொன்னாய். சொல்லும்போது அழுதாய். நான் மனதுக்குள், பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். போனை எடுத்து ஒரு வசனம். அம்மா செத்தபிறகாவது சொல்லியிருக்கலாம். இருபது வருடம் நான் அவவின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. ஒரு திவசத்துக்கு ஒரு விளக்கு வைக்கவில்லை. நீ என் வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் அந்த வெறும் சுவரைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு நான் சுட்ட முறுக்கைத் தின்றிருக்கிறாய்.

என் தாயை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு அரியதரம் போட வா என்கிறாய்.

செல்வநாயகி


பக்குரங்கா
12.05.2024

அக்கா,

ஒன்றரை மாதமாக உங்களுக்கு எழுதத் துணிவு வரவில்லை. கலியாணம் முடிந்துவிட்டது. நடந்ததை நீங்கள் அறியவேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

ஏப்பிரல் 11 அன்று சமரசப் பேச்சு நடந்த கட்டிடத்துக்குக் கீழே நான் காரில் இருந்தேன். உங்களுடைய லோயர் தனியாக, வேகமாக வெளியே வந்து போவதைப் பார்த்தேன். பிறகுதான் பிள்ளைகள் வந்தார்கள். மேலே நடந்ததை மஹதிதான் சொன்னாள். அவளுடைய இந்தியத் தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, அவங்க வக்கீல் மத நம்பிக்கை, பேச்சுரிமைன்னு ஒரு மணி நேரம் பேசினார். உங்க அக்கா திடீர்னு மேசைய தட்டி, நிறுத்துங்கன்னாங்க. கஜானிய பாத்து, 'நான் கடவுளை இடையில கொண்டு வந்தனான். அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கோவம் உன்ர அம்மாவில'ன்னு சொன்னாங்க. அப்புறம் 1987 கதை எல்லாத்தையும் சொன்னாங்க. மன்னிப்பு மட்டும் கேக்கல."

கஜானி காரில் ஏறவில்லை. ரயிலில் போனாள். ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள்தான் பலகாரச் சூடு. காலையில் வந்து, "உண்மையா அம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவத் தொடங்கினாள்.

பதினாலு பேரில் ஒருவரும் வரவில்லை. மஹதியின் அம்மா சுந்தரி மட்டும் நியூ லின்னிலிருந்து பஸ் மாறி வந்தார். மகளுடைய முடிவு அவருக்கும் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வந்தார். "யாருங்க முதல்ல போடுறது? நேரம் ஆவுதுங்களே" என்றார். நான் வாசலைப் பார்த்தேன். பத்தேகால் போய், பத்தரை போய், பதினொரு மணியும் ஆயிற்று. எண்ணெய் புகைந்தது. இரண்டு தரம் அணைத்து மூட்டினோம்.

"அம்மா, அவ வரமாட்டா" என்றாள் கஜானி.

"கொஞ்சம் பாப்பம்."

"அவவுக்காகப் பாக்கிறீங்களோ, உங்களுக்காகப் பாக்கிறீங்களோ?"

நான் மறுபடி வாசலைப் பார்த்தேன். அவளே முதல் அரியதரத்தைத் தட்டிப் போட்டாள். பதம் பிழைத்துவிட்டது. எண்ணெய்க்குள் விழுந்ததும் கரைந்து நுரையாகப் போயிற்று. அடுத்ததும் அப்படித்தான். சுந்தரி, "பரவால்லம்மா, சமோசா வாங்கிக்கலாம்" என்றார். அந்த மனுசி சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் கௌசிகன் ஒரு பெரிய டின்னைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். முந்நூறு அரியதரம். "அம்மா குடுத்து விட்டவ, சித்தி. இது கஜானிக்கு. நீங்கள் இதில கை வைக்கக் கூடாதாம்" என்று சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கை வைக்கவில்லை, அக்கா. மூடியைக்கூடத் தொடவில்லை. கஜானி மூடியைத் திறந்து மணம் பார்த்தாள். கண் கலங்கினாள். பிறகு டின்னைக் கௌசிகன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அண்ணா, பெரியம்மாட்டச் சொல்லுங்கோ. அந்தச் சமரசப் பேச்சு அறைக்குள்ள நாலு பேருக்கு முன்னால சொன்னது எனக்குக் காணாது. வானொலியில வாயால சொன்னவ. ஊர் முழுக்கக் கேட்டது. அதை வாயால, அதே வானொலியில திருப்பி எடுக்கட்டும். இல்லாட்டி இது என்ர தொண்டையில இறங்காது."

கலியாணத்துக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். பாதிப் பேர் வேலையிடத்து ஆட்கள். பிள்ளைகள் வடிவாக இருந்தார்கள். என் கூறைச் சீலையைத்தான் கஜானி உடுத்தினாள். ஆசீர்வாதம் பண்ண என் கையைத் தலையில் வைத்தபோது, அவள் தலை சிறிது விலகியது போல இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ தெரியாது.

வேலையை விடுவதாக வார்டில் அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆனியில் இருவரும் பிரிஸ்பேனுக்குப் போகிறார்கள். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது என்பதுதான் காரணம்.

ரதி


ஹென்டர்சன்
14.07.2024

ரதிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வானொலிக்குப் போனேன். நீ கேட்டாயோ தெரியாது. கேட்காவிட்டால் என்ன சொன்னேன் என்று எழுதுகிறேன், பிறகு யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடாது.

அறிவிப்பாளர் பெடியன் முதலே பயந்துபோனான். "அம்மா, சுருக்கமாச் சொல்லுங்கோ, அரசியல் வேண்டாம்" என்றான். "மார்கழியில நான் கதைக்கேக்க நீ சுருக்கச் சொல்லேல்லையே" என்றேன். அவன் அதற்குப் பிறகு குறுக்கே வரவில்லை.

நான் சொன்னது இதுதான். என் பெயர் செல்வநாயகி. என் தங்கச்சியின் மகள் கஜானியின் கை மங்கலமில்லை என்று இதே இடத்தில் இருந்து சொன்னேன். அது பொய். அவளுடைய கையை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். அந்தக் கையை வேண்டாம் என்று சொன்ன ஆஸ்பத்திரிப் பெடியன் கேட்டுக்கொண்டிருந்தால் கேள், உன் தாய்க்கு அன்று கிடைக்காமல் போனது நல்ல கை. என்னையும் ஒரு நாள் கை ஆகாது என்று குசினிக்கு வெளியே விட்டவர்கள். அந்தச் சூடு தெரிந்த நான் இன்னொரு பிள்ளைக்கு அதையே வைத்தேன். சாமி எனக்குச் சொல்லவில்லை. கோபத்துக்குச் சாமி வேசம் போட்டேன்.

இரண்டு பெண்கள் கட்டுவது சரி என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் விளங்கவில்லை, விளங்காததை விளங்கினது மாதிரி நடிக்க எனக்கு வராது. ஆனால் அவர்களுக்குச் சுட்டுக் கொடுக்க நான் விளங்கத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. எத்தனை கலியாணம் எனக்கு விளங்கியா சுட்டேன்.

பதிவையும் கௌசிகன் எடுத்துவிட்டான். மூன்று நாள் சண்டை போட்டுத்தான் எடுத்தான். இப்போது அவன் என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறான். கோயில் ஆட்கள் ஆவணிக்குச் சொன்ன ஓடரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கலியாண ஓடரும் போயிற்று. முன்பு நான் கடவுளுக்காக நிற்கிறேன் என்று கடைக்கு வந்து கையைப் பிடித்தவர்கள், ரோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால் போகிறார்கள். பேச்சுரிமைக்காரரும் போன் எடுப்பதில்லை. அந்தப் பேச்சுக்கு உரிமை கேட்டு மூன்று பேர் வந்தார்கள். இந்தப் பேச்சுக்கு ஒருத்தரும் வரவில்லை. கடையை எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்று தெரியாது.

வானொலியில் சொன்னதைப் பேத்தி போனில் பிடித்துப் பிரிஸ்பேனுக்கு அனுப்பினாள். கேட்டதற்கு அடையாளம் வந்திருக்கிறதாம். மறுமொழி இல்லை. பேத்தி ஒவ்வொரு நாளும் பார்த்துச் சொல்கிறாள். நானும் ஒருத்திக்குப் பதினாறு வருடம் மறுமொழி சொல்லாமல் இருந்தவள்தான். அதனால் கஜானியை நான் குறை சொல்லமாட்டேன். அந்த டின் இன்னும் கடையில் இருக்கிறது. பழுதாகிவிட்டது. எறிய மனம் வரவில்லை.

இப்போது உன் விசயம்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று எதிர்பார்த்து வயதைப் போக்காதே. எனக்கு எழுபத்தொரு வயது, உனக்கு அறுபத்துநாலு, நெடுக இருக்கவேணும் என்று அம்மா நினைத்த இரண்டு பேரும் இப்படித்தான் இருக்கிறோம்.

அம்மாவின் திவசம் இந்த மாதம் 27 ஆம் திகதி சனிக்கிழமை. உன் வீட்டில் இருக்கிற அதே படத்தின் பிரதி ஒன்றைக் கனடாவில் இருக்கிற எங்கள் தம்பி அனுப்பினான். வெறும் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். ஐயரைக் கூப்பிடவில்லை. நானே சமைத்து, அவவுக்குப் பிடித்த பயத்தம் பணியாரம் சுட்டு, படைத்து, விளக்கு வைப்பேன். பதினொரு மணிக்கு.

நீ வா. வரும்போது ஒன்றும் கொண்டுவராதே. குசினிக்குள் வராதே, சட்டியில் கை வைக்காதே. படத்துக்கு முன்னால் பாய் போட்டிருப்பேன். எனக்கு எழுதினாயே, அந்த அறைக்குள் அன்று பின்னேரம் நடந்ததை, அதை அம்மாவுக்கு முன்னால் இருந்து வாயால் சொல். கடிதத்தில் எழுதுவது சுகம். எனக்கும் அது இந்த மாதங்களில் தெரிந்துவிட்டது.

நான் பக்கத்தில் இருந்து முழுதையும் கேட்பேன். சத்தியம் சத்தியம்தான், ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன். நீ சொல்லி முடித்த பிறகு சாப்பாடு போடுவேன்.

கதவு பூட்டியிருக்காது.

அக்கா